காப்பாற்றியது யாரை

என் பிடிவாதக்காரருக்கு,

சாப்பிட்டீர்களா? உங்கள் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்ட நடத்தும் வெள்ளிக்கிழமை விற்பனையில் மிஞ்சிய பியரோகிக் கொழுக்கட்டையை வேகவைத்துத் தின்றுகொண்டு, இன்னும் எத்தனை நாள் அந்தத் தீயணைப்புக் கூடத்தில் படுத்திருப்பீர்கள்? வீடு குளிர்கிறது.

குப்பை எரிக்கும் ஆலைக்காக நம் நகராட்சி விற்ற கடன்பத்திரங்களுக்குத் தவணை தவறிய அன்று, "காப்பீட்டுக் கம்பெனி கட்டிருச்சு!" என்று அதே கூடத்தில் ஊரே கைதட்டியது. நீங்கள் சந்தோஷத்தில் சைரனை ஊதினீர்கள். நம் கடனைச் சரிக்கட்ட மாநில அரசு அனுப்பிய அதிகாரி ஹாலோவெல்லிடம் இன்று அதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"மேயரம்மா, அவங்க காப்பாத்தினது பத்திரம் வாங்கினவங்களை. உங்களை இல்ல. இனிமே நீங்க அந்தக் கம்பெனிக்குக் கட்டணும்."

"மாநிலம் ஒண்ணும் குடுக்காதா?"

"அதான் என்னைக் குடுத்திருக்கே!"

விற்க முடிந்ததை எல்லாம் விற்கச் சொல்கிறார். மாட்டேன் என்றால் மாநில உதவி நின்றுவிடும். போலீஸ்காரர்களுக்குச் சம்பளம் இருக்காது. முதலில் தண்ணீர் நிலையம் என்றார். அடுத்தது என்னவென்று என்னிடம் கேட்காதீர்கள். கெஞ்சிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன்.

உங்கள் கோட்டு, பூட்ஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுங்கள். வர மனமில்லை என்றால், காலையில் தீயணைப்பு வண்டியை ஓட்டிப்போக வருகிறவர்களுக்கு முன்னால் மட்டும் போய் நிற்காதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன். அவர்கள் ஒரு காகிதம் நீட்டுவார்கள். அடியில் இருக்கும் கையெழுத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மேயர் அல்ல,
உங்கள் வீட்டுக்காரி