அத்தானின் இறைப்பு முறை

புத்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகன் லோஜனுக்கு,

புத்தூர் மண்ணின் முடிசூடிய மன்னனும், இடியையே அதட்டி அடக்கியவனுமான உன் மாமா எழுதுவது. நான் நலம். நோர்வேப் பனி உன்னைக் கண்டு பயந்து ஒதுங்கி நிற்கும் என்று நம்புகிறேன். கம்பியூட்டர் படிக்கும் பக்கத்து வீட்டுக் கோபிகா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள்.

எங்கள் நாலு வீட்டுப் பங்குக் கிணற்றுக்கு ஒரு புரோகிராம் எழுதி, பழைய லப்டொப்பில் ஓடவிட்டுப் போனாயே. யாருடைய இறைப்பு முறையோ, அந்த வீட்டுப் போனுக்கு விடிய ஐந்து மணிக்குச் செய்தி வரும். ஈரேழு உலகத்திலும் இப்படியொரு கிணறு இல்லையென்று அச்சுவேலி வரை பறைசாற்றினேன்.

உன் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், பட்டியலில் ஏரம்பு என்ற அத்தானின் பெயரை அழித்து, குணலட்சுமி என்று அக்காவின் பெயரைப் போட்டேன். நாலாம் நாள் அக்காவின் போனில், "ஏரம்பு, இண்டைக்கு உங்கடை முறை" என்று வந்தது. ஒவ்வொரு முறைக்கும் அப்படித்தான் வருகிறது.

நீ எழுதியது அனொனிமஸ் பங்ஷன், பெயரே இல்லாத கட்டளைத் துண்டு என்றாயே, அது எப்படி அத்தானின் பெயரை வைத்திருக்கும் என்று கோபிகாவோடு வாதாடினேன். அவள் என்னை ஒரு சதத்துக்கும் மதிக்கவில்லை. "மாமா, பேரில்லாதது வேறை, குளோஷர் வேறை" என்றாள். பெயர் வைக்காமல் விட்டால் அனொனிமஸ், அவ்வளவுதான். முறை முடிய பீப் அடிப்பதும் பெயரில்லாததுதான்; அது எதையும் சுமக்கவில்லை. குளோஷர் என்பது, பெயர் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, தான் உருவான இடத்தில் இருந்ததைக் கையோடு பிடித்துக்கொண்டு போவது. அந்த இடத்தின் வேலை முடிந்தாலும் பிடி விடாது. செய்தி அனுப்புவது அந்த வகை. நீ ஓடவிட்ட நாளில் அத்தான் இருந்தார். பட்டியலை நான் எத்தனை தரம் திருத்தினாலும் அது திரும்பிப் பார்க்காது. மிசினை நிறுத்தித் திரும்பப் போட்டால்தான் புதுப்பெயரை எடுக்குமாம்.

அதை அக்கா கேட்டுவிட்டாள். லப்டொப்பைச் சாமியறைக்குள் கொண்டுபோய் வைத்து, "தம்பி, உதிலை கை வைச்சியெண்டால் என்ரை செத்தவீட்டுக்கும் வராதை" என்றாள். யானையைக் காதில் பிடித்து இழுத்த நான், ஒரு பொத்தானுக்கு முன்னால் வேர்த்து நிற்கிறேன்.

முறை நாளில் அத்தானின் மண்வெட்டியோடு கிணற்றடியில் போய் இருக்கிறாள். சாப்பாடு இல்லை. மோட்டரைப் போட விடுகிறாள் இல்லை. அடுத்த தோட்டத்து ஜெயரூபன், "மாமி, நான் இறைச்சு விடுறன்" என்று கிட்டப் போக, மண்வெட்டியை ஓங்கினாள். "அவர் வரட்டும்" என்கிறாள். உங்கள் வெங்காயம் தாள் கருகிவிட்டது.

நேற்று அவளைக் கூட்டிவரப் போனேன். ஒழுங்கையில், அத்தான் வருவது போலவே, சைக்கிள் சத்தம் கேட்டது. நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன், மருமகன்.

விசா வழக்கு முடியாமல் நீ வர ஏலாது, தெரியும். செத்தவீட்டைப் போனில் பார்த்தாய். அதன் பிறகு நீ அம்மாவோடு கதைக்கவில்லை. அங்கிருந்தே இதைத் திருத்தலாம் என்கிறாள் கோபிகா. சத்தமில்லாமல் திருத்திவிடாதே. திங்கட்கிழமை அடுத்த முறை. அதற்கு முதல் அம்மாவைக் கூப்பிட்டு நீயே கேள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன். வேண்டாமென்றால், நானும் அவளோடு போய் இருக்கிறேன்.

மாவிட்டபுரத்துக் கந்தன் உனக்குத் துணையிருக்கட்டும், உன் குரலுக்கும்.

முடியை இன்றைக்குக் கழற்றி வைத்திருக்கும்
உன் மாமா,
சிவக்கொழுந்து