ஞாயிறு காலைக் குரல்

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

உங்கள் உதிரிபாகக் கிடங்கின் இருப்பைக் காட்டும் கணினிப் பக்கம் திறக்க நேரமாகிறது, கணக்கை முன்கூட்டியே போட்டு டேட்டாபேஸில் சேமித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். சேமிக்கலாம், கேட்டதும் விடை வரும். ஆனால் அது சேமித்த நேரத்து விடை. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ரத்த இருப்பை அப்படித்தான் தினமும் காலையில் ஒருமுறை கணக்கிட்டு வைத்திருந்தோம். போன வாரம் திரையில் ஒரு பை ரத்தம் இருப்பதாகக் காட்டியது. அதை நம்பி ஒரு பெண்ணை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பையை வேறு வார்டுக்காரர்கள் எப்போதோ எடுத்துப் போயிருந்தார்கள். டாக்டர் சத்தம் போட, நான் சுற்றியுள்ள மருத்துவமனைகளுக்கெல்லாம் போன் செய்தேன். பக்கத்து மருத்துவமனையிலிருந்து ரத்தம் வந்து அவள் பிழைத்தாள்.

கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிட்டால் விடை சரியாக இருக்கும், பக்கம்தான் ஆமை வேகத்தில் திறக்கும். இப்போது ஒரு பை வந்தாலும் போனாலும் சேமித்த எண்ணையும் அப்போதே திருத்துகிறோம். பதிவு செய்பவர்கள் தாமதமாகிறது என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். மாத அறிக்கை என்றால் நீ தாராளமாகச் சேமித்து வை. இருப்பு விஷயத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இனி அம்மா. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம். ஞாயிறு காலை உன் அழைப்பு வருமுன் வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறாள். தலையணை அடுக்கி உட்காரவைக்கச் சொல்கிறாள். வலி மாத்திரையைக்கூட அந்த நேரத்துக்கென்று தள்ளிப்போடுகிறாள். பிறகு உன்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். நீயும் அந்தக் குரலை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க நிம்மதியாக இருக்கிறாய். போனை வைத்துப் படுத்தால் மறுநாள்வரை அவள் எழுந்திருப்பதில்லை.

உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். "தனியா கிடக்கிற புள்ள, அவன் நிம்மதியக் கெடுக்காத" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம். உன்மேலும்தான், கேட்டதை அப்படியே நம்பிவிடுகிறாயே என்று. நேற்றுக் கஞ்சி ஊட்டும்போது என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை.

வரும் ஞாயிறு போன் வேண்டாம். அதற்கு முன்பே, அவள் தயாராகாத ஒரு நாளில், நீயே வந்து கதவைத் தட்டு. திட்டினால் என்னைத் திட்டிக்கொள்ளட்டும். நல்லபடியாக வந்து சேரப்பா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா