ரோஜரின் புது முகவரி

என்னங்க,

வெள்ளிக்கிழமை பெங்களூரு ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் ரோஜரைத் தேடியிருப்பீர்கள். ராட்வீலர் நாய்களுக்கு மட்டும் வீடு பார்த்துக் கொடுக்கும் தன்னார்வலர்களிடம் அவனைக் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் என் தலைக்குக் குக்கர் மூடியை ஓங்கினீர்கள். அவன் பாய்ந்து உங்கள் மணிக்கட்டைக் கடித்தான். ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டுக்கொண்டு வந்து, அவனைக் கட்டிவைத்து இரும்புக் கம்பியால் அடித்தீர்கள். அவனுக்கு விலா எலும்பு இரண்டு உடைந்திருக்கிறதாம். அந்தக் கம்பி, கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் ரோமத்தை நான் துடைக்கவில்லை.

அடிபட்ட நாய், கையை ஓங்கினால் கடிக்குமா என்று சோதித்த பிறகுதான் வீடு தேடுவார்களாம். அங்கிருந்த பெண் சுருட்டிய பேப்பரை அவன் முன்னால் சட்டென்று ஓங்கினாள். ரோஜர் அசையவில்லை. நான்தான் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பேப்பரைக் கீழே போட்டாள்.

"இன்னாக்கா, உன்னியும் அடிப்பாரா?"

எப்போதும் சொல்லும், மாடிப்படியில் விழுந்த கதை அன்று வாயில் வரவில்லை.

ரோஜருக்கு வீடு கிடைத்துவிட்டது. எங்கே என்று கேட்காதீர்கள். அடித்தவர்களுக்குப் புது முகவரியைத் தருவதில்லை என்பது அவர்கள் வழக்கம். அதனால்தான் இந்தக் கடிதத்தின் மேலே நானும் முகவரி எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
ரோஜரை வளர்த்தவள்