அடையாளம் வைத்த கடிகாரம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? அண்ணிக்கு மூட்டுவலி குறைந்ததா? போனில் வேண்டாம், எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்றீர்கள், எழுதுகிறேன்.

அப்பாவின் தங்கக் கைக்கடிகாரம் நீங்கள் வந்துபோன மறுவாரம் நின்றுவிட்டது. கண் போனபிறகு அவர் அதில் மணி பார்ப்பதில்லை, காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது கேட்க ஒன்றும் இல்லாமல் சாப்பாட்டுக்கே அடம். கடிகாரக் கடைக்காரர் இன்னும் திறந்து பார்க்கவில்லை. "அறுபது வருஷத்துப் பொருள்மா, உள்ளே தேய்ஞ்சதையெல்லாம் மாத்தினாத்தான் ஓடும்" என்கிறார். "பெரியவனுக்குப் போற பொருள், அவனைக் கேளு" என்கிறார் அப்பா. மாற்றலாமா? உங்கள் பதிலை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டுமாம்.

அன்புத் தங்கை

மார்ச் 11

தங்கைக்கு,

நான் இருந்தவரை ஓடிய கடிகாரம், நான் கிளம்பியதும் நின்றுவிட்டது. நல்ல கடிகாரம்!

தேய்ந்ததை மாற்றுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அசல் உறுப்புகள் ஒவ்வொன்றாய் வெளியே போகும், ஏதோ தகரம் உள்ளே வரும், கடைசியில் மிஞ்சுவது மூடி மட்டும். விவரம் தெரிந்தவன் அதைக் கையால் தொடமாட்டான். யார் அந்தக் கடைக்காரர்? மாப்பிள்ளையோடு சீட்டாடுகிறவர்தானே?

அம்மாவின் தையல் மெஷினும் இப்படித்தான் 'தேய்ந்து' போனது. பழைய இரும்புக்குப் போட்டபிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. வீடு உனக்கென்றார் அப்பா. நான் வாயைத் திறந்தேனா?

இந்த முறை நான் ஏமாறுவதாக இல்லை. போன தடவை அப்பா குளிக்கப் போயிருந்தபோது, பின்மூடியைக் காய்கறிக் கத்தியால் நெம்பித் திறந்து, உள்ளே அங்கங்கே உன் அண்ணியின் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறேன். ஒரு சக்கரம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மாப்பிள்ளைக்கும் சொல்லிவை. தேய்ந்தது தேய்ந்ததாகவே இருக்கட்டும்.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

வரி விடாமல்தான் படித்தேன். கத்தி வந்த இடத்தில் நிறுத்தினேன். "ம், மேலே படி" என்றார் அப்பா.

மறுநாள் கடைக்கு அவரும் வந்தார். எங்கள் எதிரில்தான் திறந்தார்கள். தேய்மானம் இருந்தாலும் ஓடுவதற்குத் தடையில்லையாம். ஒரு சக்கரத்தின் பல்லிடுக்கில் மட்டும், காய்ந்து உதிர்ந்த பொருக்கு ஒன்று சிக்கி, பல் முறிந்திருந்தது.

"இந்த ஒரு சக்கரத்தை மாத்திட்டா ஓடிடும் ஐயா."

"அந்தப் பொருக்கு என்ன நிறம்?"

"சிவப்பு."

"அப்ப ஒண்ணையும் தொடாதீங்க. மூடிடுங்க."

கடிகாரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எதுவும் மாறவில்லை. உங்கள் புள்ளிகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் பல்லிடுக்கில் தேடுங்கள். பெட்டியில் வைக்கும்போது அப்பா ஒருமுறை கேட்டு வாங்கி, காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் தந்தார்.

இனிமேல் கடிதம் எழுதவேண்டாம் அண்ணா. வந்தால் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

தங்கை