ஒரே நாள் கடலை முப்பத்தொரு நாள் காட்டிய திரை

அனுப்புநர்:
மு. அப்துல் வாஹித் (வயது 52),
டீசல், வலைச்சாமான் கடை,
பழவேற்காடு, பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: கடல் திரையில் பழைய படம் ஓடியது – பழி சூப்பர் கம்ப்யூட்டர் மேல் போடப்பட்டது – நியாயம் கோருவது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்னை அலுவலகம் ஒன்றில் உள்ள சூப்பர் கம்ப்யூட்டர், காற்றையும் அலையையும் கணக்குப் போடப் போடவே படமாகவும் வரைகிறது. அமைதியான கடல் நீலம், ஆபத்தான கடல் சிவப்பு. மீனவர்கள் அதை உடனுக்குடன் பார்ப்பதற்காக 14.09.2007 அன்று என் கடை வாசலில் பெரிய திரை வைத்தார்கள். திறந்து வைத்த விருந்தினரின் பெயரை ஸ்டிக்கராக அடித்து, திரையின் மூலையிலேயே ஒட்டினார்கள்.

2. அன்று முதல் கடல் நீலமாகவே இருந்தது. மழை கொட்டினாலும் நீலம், கூரை பறந்தாலும் நீலம். அதிகாரிகள் வந்து போனதில் கடலே அடங்கிவிட்டது என்று பெருமைப்பட்டோம்.

3. 15.10.2007 காலை டீசல் வாங்க வந்த மீனவர் யேசுதாஸ், காற்று சரியில்லை என்று தயங்கினார். பிறகு திரையைப் பார்த்து, "அம்மாம் பெரிய கம்ப்யூட்டரே சொல்லுது, என் மூக்கு இன்னாத்துக்கு பாய்?" என்றார். நானும், "நீலமாத்தான கீது, போய்ட்டு வா" என்றேன். இதை மறைத்து மனு எழுத எனக்கு மனம் வரவில்லை.

4. முகத்துவாரத்தில் அவர் படகு கவிழ்ந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த அவர் மனைவி ரோசம்மாள், "உன் டிவியில கடல் தூங்கிக்கினு கீது. என் ஊட்டுக்காரரு எங்க பாய்?" என்று கேட்டார். அவர் ஆத்திரத்தில் ஸ்டிக்கரைப் பிய்த்தார். அடியில், ஓடிக்கொண்டிருந்த படத்தின் தேதி இருந்தது: 14.09.2007.

காலி டீசல் கேனைக் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் மிதந்த யேசுதாஸை வேறு படகுக்காரர்கள் உயிரோடு கொண்டுவந்தார்கள். அதுவரை நான் கடை வாசலிலிருந்து நகரவில்லை.

5. மறுநாள் சென்னை அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். சந்திரகலா என்ற பொறியாளர் என்னை உட்காரவைத்து, முந்தைய நாளின் உண்மையான படத்தைக் காட்டினார். அதிகாலை நான்கு மணியிலிருந்தே எங்கள் முகத்துவாரம் சிவப்பு. விழா நாளில் இணைப்பு வராததால் அன்று காலைப் படத்தையே குறுந்தகட்டில் ஏற்றி ஓட்டினார்களாம். நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. "இணைப்பு குடுக்கச் சொல்லி மூணு லெட்டர் போட்டேங்க, யாரும் பிரிச்சுக்கூடப் பாக்கல" என்றார்.

6. படகு கவிழ்ந்தது பற்றி அதிகாரிகள் நடத்திய விசாரணையின் அறிக்கையோ "கணினியின் தவறான கணிப்பே காரணம்" என்கிறது. திரையையும் சென்ற மாதம் 29ஆம் தேதி கழற்றிக்கொண்டு போனார்கள். இரவு பகலாக உழைத்து, சரியாகவும் சொன்ன அந்தக் கம்ப்யூட்டருக்கு மனுப் போடத் தெரியாது. எனவே நான் போடுகிறேன்.

7. ஆகவே, அறிக்கையைத் திருத்தி, திரையை உண்மையான இணைப்போடு திருப்பித் தர ஆணையிடுங்கள். விருந்தினர் பெயரை என் கடைச் சுவர் முழுக்க எழுதிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

8. இப்போது சந்திரகலா தினமும் காலை ஐந்து மணிக்குத் தன் கைபேசியிலிருந்து கடைக்கு அழைத்து அலை உயரம் சொல்கிறார். நான் கரும்பலகையில் எழுதுகிறேன். யேசுதாஸ் அதைப் பார்த்துத்தான் புறப்படுகிறார். வரும் 20ஆம் தேதி முதல் அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து நாள் கல்யாண விடுப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு விடுப்பு இல்லை. அதற்குள் ஆவன செய்யுங்கள்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
மு. அப்துல் வாஹித்
(ஒப்பம்)

இடம்: பழவேற்காடு
நாள்: 05.11.2007