இருபத்தொன்பது இஞ்ச் வேண்டாம், ஜெஸ்வின்

திருவொற்றியூர்
ஞாயிறு மாலை

அன்பு மகன் ஜெஸ்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னை அந்தக் குளிரிலும் காத்துக்கொள்வாராக. இங்கே அப்பாவும் நானும் சுகமாயிருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கடையையும் வழக்கம்போல் திறக்கிறார், எண்ணூர்ப் பக்கத்துப் புகைதான் இந்த வாரம் சன்னலைத் திறக்க விடவில்லை. உனக்கு நெஞ்சுச் சளி விட்டதா, கஷாயப் பொடி தீர்ந்திருந்தால் சொல், ராட்டர்டாமுக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நீ அப்பாவிடம், வேலைக்குப் போய்வர ஒற்றைச் சக்கர சைக்கிள் வாங்கப் போகிறேன், இருபத்துநாலு இஞ்ச் வாங்கவா இருபத்தொன்பது வாங்கவா என்று கேட்டாய். அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். வாசலில் காம்பவுண்டுச் சுவரருகே போய் நின்றார். உன் அக்கா ஷெர்லின் அதே ஒற்றைச் சக்கர சைக்கிள் பழகிய நாட்களில், விழாமலிருக்கக் கையை ஊன்றி ஊன்றிப் போன தடம் அதில் இன்னும் கறுப்பாக இருக்கிறது. அவள் போன பிறகு வந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீடு முழுக்க வெள்ளையடித்தோம், அந்தச் சுவரை மட்டும் அப்பா தொட விடவில்லை. மழை பெய்தால் அழிவதற்குப் பதில் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. பால் வாங்கப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடக்கிறேன், பார்க்காவிட்டாலும் முதுகுக்குப் பின்னால் அந்த ஒற்றை டயர் உருளும் சத்தம் கூடவே வருகிறது, நான் நின்றால் அதுவும் நிற்கிறது, திரும்பினால் ஒன்றும் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன்னை வாங்கவே வேண்டாம் என்று தடுத்துவிடத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காத்திவாக்கத்துக் குப்பம்மா மீன் கொண்டுவந்தாள். அக்கா போன அன்றைக்குக் கடற்கரை ரோட்டில் நின்றிருந்த கன்டெய்னர் லாரி பின்னோக்கி வந்து அவளை இடித்தபோது, முதலில் ஓடிப்போய்த் தூக்கி மடியில் போட்டுக்கொண்டவள் அவள்தான், உனக்குத் தெரியும். நீ சைக்கிள் கேட்டதைச் சொன்னேன். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "பாப்பா ஒண்ணு சொல்லிச்சும்மா, உனுக்கு பேஜாராப் பூடும்னு இத்தினி நாளா நான் வாயத் தொறக்கல," என்றாள். "லாரி ரிவர்ஸ்ல வர்றத அது பாத்துக்கீது. எறங்கத்தான் பாத்துருக்கு. கால் எட்டலக்கா, கால் எட்டலன்னு என் மடியில கெடந்துகினு சொல்லிச்சு. அப்பால பேசல."

அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவில்லை. மத்தியானம் சாப்பிட வந்த அப்பாவிடம் அப்படியே சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, இத்தனை வருஷமாக இந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சொல்லாத பெயரைச் சொன்னார். "ஷெர்லின் சின்னச் சக்கரத்துல பழகும்போது எத்தனை தடவ விழுந்தா. ஒரு தடவையாவது கால் தரையில ஊனாம இருந்திருக்காளா," என்றார். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லாத கிருபை. சொன்னா நமக்குத் தெரியாம ஓட்டுவான். இருபத்துநாலு வாங்கச் சொல்லு," என்றார்.

அதனால் சொல்கிறேன். இருபத்தொன்பதில் வேகம் வரும், தூரம் போகலாம் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார், உண்மைதான், அக்காவும் அதைச் சொல்லித்தான் சின்னச் சக்கரத்தை விட்டு இருபத்தொன்பதுக்கு மாறினாள். ஆனால் அதில் ஏறுவதும் கஷ்டம், நிறுத்துவதும் கஷ்டம், தவறினால் ரெண்டு எட்டு ஓடிச் சமாளிக்க முடியாத உயரமும் வேகமும் ஆகிவிடும். முதலில் யாரிடமாவது இருபது இஞ்ச் இரவல் வாங்கிப் பழகு, கால் தானாக இறங்கப் பழகிய பிறகு இருபத்துநாலு வாங்கு. டயர் கொஞ்சம் அகலமாக இருந்தால் கல் பாவிய தெருவில் உடம்பு குலுங்காது. சீட் உன் தொப்புள் உயரம் இருக்கட்டும், பெடல் அடியில் போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக்கு உறையும் இல்லாமல் ஏறாதே. நிற்கிற லாரிதானே என்று எந்த லாரிக்கும் பின்னால் போகாதே.

நீ யாருக்காக இதில் ஏறுகிறாய் என்று நான் கேட்கவில்லை. நேற்று ஜெபத்தில் அப்பா உங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஆண்டவர் உன் கூடவே வருவார், நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே. ஏறியதைச் சொல்ல வேண்டாம், ஓட்டுகிற வீடியோவும் அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு நாளும் "இறங்கிட்டேன்மா" என்று ஒரு வரி போடு.

அது வரும்வரை போனைக் கையில் வைத்திருக்கும்
உன் அம்மா
தேவகிருபை