அத்தானுக்குத் தாய்லாந்து விருந்து

ஜூலை 1, செவ்வாய்

விடியும்போதே சாரல். நேற்றுத் துவைத்த யூனிபார்ம் காயவில்லை. ஈரத்தோடு ஸ்கேன் சென்டருக்கு. நாள் முழுக்கத் தும்மல்.

சாயங்காலம் அத்தை போன். அப்பாவிடம் மட்டும் பேசினாள். வைகாசியில் கல்யாணமான அத்தானுக்கு எல்லா வீட்டிலும் விருந்து முடிந்துவிட்டதாம். ஆடி பிறந்தால் புதுப்பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். மாமன் வீட்டு விருந்து மட்டும் பாக்கி. அதாவது எங்கள் வீடு.

அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினாள். "எம் மவளுக்குன்னு பேசி வச்ச பய, இன்னொருத்தியக் கூட்டிட்டு வாரான்னு நான் ஆக்கிப் போடணுமோ? எங்கையால ஒரு பருக்க கிடையாது."

"அவ என் கூடப்பொறந்தவட்டி. இந்த ஒரு வேளச் சோத்துக்காக உறவ அத்துக்கிட முடியுமா?" அப்பா.

கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார். ஓட்டலில் வைத்துவிடலாம். சென்னைப் பெண்ணுக்குத் தாய்லாந்து சாப்பாடு என்றால் உயிராம், அத்தை சொன்னாளாம். எங்கள் இலஞ்சியிலேயே ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறது. நல்ல கடையா என்று யார் பார்ப்பது? அப்பாவுக்குப் பரோட்டாவைத் தாண்டி ஒன்றும் தெரியாது. என்னைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"நானே பாக்கேன்ப்பா" என்றேன்.

ஏன் சொன்னேன்? திமிர். வேறென்ன.

ஜூலை 3, வியாழன்

வாங்க வேண்டியது: தைலம், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, துணி கிளிப்.

டூட்டி முடிந்து கடை 1. எங்கள் தெரு முனைதான், முன்பு சைக்கிள் கடை இருந்த இடம். நான்கு மேஜை. சமைப்பவர் வீரகேரளம்புதூர்க்காரர், தாய்லாந்தில் புக்கெட் என்ற ஊரில் ஓட்டல் வேலை பார்த்தவர். நான் தனியாக வந்து நின்றதும் "பார்சலாம்மா?" "இல்ல, இங்கனதான்."

சூப்: எலுமிச்சைப்புல், அரத்தை, புளிப்பு, உறைப்பு. முதல் வாய் கசாயம். மூன்றாவது வாயில் பிடித்துவிட்டது. மூக்கடைப்பும் போனது.

பச்சைக் குழம்பு: தேங்காய்ப்பால், கத்தரிக்காய், கோழி. வாயில் வைத்ததும் சொதி. பச்சை மிளகாய் தூக்கலான சொதி, அவ்வளவுதான்.

புது மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் வைப்பது சொதி. "அவன் மாப்பிள்ளையா வார அன்னைக்கு முதப்பால் எடுத்துக் கெட்டியா வைப்பேன்" என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். அழுகை. சமையல்காரர் ஓடி வந்தார். "உறைப்பு கூடிட்டோம்மா?" ஆமாம் என்றேன்.

ஜூலை 5, சனி

கடை 2. குற்றாலத்தில் ஒரு ரிசார்ட். கூட வேலை பார்க்கும் சாந்தியும் வந்தாள். சீசன் கூட்டம், ஐந்தருவி ரோடு முழுக்க வேன். தலையில் எண்ணெயும் தோளில் ஈரத் துண்டுமாக ஜனம்.

உள்ளே ஏசி குளிர். நூடுல்ஸில் சர்க்கரையும் கடலைப்பொடியும், கடலைமிட்டாயை உதிர்த்துப் போட்டது மாதிரி. சூப் ஆறிப்போனது. நான்கு பேர் சுற்றி நின்று நாம் மெல்லுவதையே பார்க்கிறார்கள்.

சாந்தி: "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? விட்டுட்டுப் போனவனுக்கு நீ போய் ருசி பாக்கே?"

பஸ்ஸில் வைத்துத்தான் பதில் சொன்னேன். அத்தான் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மன்னிப்புகூட வேண்டாம். "ஒனக்கு நான் செஞ்சது எனக்குத் தெரியும்" என்றால் போதும். என் சடங்கு வீட்டில் அத்தனை பேர் முன்னால் பேசி வைத்தது. அது முறிந்தபோது ஒரு மெசேஜ் இல்லை. பத்திரிகைகூட அத்தை கையால் வந்தது. விருந்தில் எதிரே உட்கார்ந்தால் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

சாந்தி கண்டக்டரைக் கூப்பிட்டாள். என் டிக்கெட்டையும் அவளே எடுத்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். அதிசயம். யூனிபார்ம் இரண்டும் காய்ந்தன.

கடை 3, தென்காசி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம். போர்டில் சைனீஸ், தந்தூரி, அரேபியன், தாய்லாந்து எல்லாம் உண்டு. வந்தது ஃப்ரைட் ரைஸ். தேங்காய்ப்பால் ஊற்றி மேலே நாலு துளசி இலை.

"இதுதான் தாய்லாந்தா?"

"ஆமாக்கா, துளசி போட்டிருக்கோம்லா."

பெருமாள் கோயில் தீர்த்த வாசனை. இங்கேயே வைத்துவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். நன்றாக வேண்டும் அவர்களுக்கு. மனசு வரவில்லை. போயும் போயும் சோற்றிலா பழி தீர்ப்பது, சீ.

கடை 1தான். ஞாயிறு மதியம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, சனி

அம்மா வரமாட்டேன் என்கிறாள். கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சு.

நாளைக்கு என்ன உடுத்துவது? அத்தானுக்கு நீலம் பிடிக்கும். அதனால் நீலம் வேண்டாம். மஞ்சள் கட்டிப் பார்த்தேன், மூஞ்சி வெளிறித் தெரிகிறது. கடைசியில் நீலத்தையே தேய்த்து வைத்தேன். வெட்கம் கெட்ட ஜென்மம்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல மழை. அம்மா வந்துவிட்டாள். "ஒன்ன அங்கன தனியா விட முடியாது."

அந்தப் பெண் நல்ல பெண். அதுதான் கஷ்டம். அத்தானோடும் அத்தையோடும் வந்ததும் அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அத்தான் மெனு கார்டைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. விருந்துக்கு அழைத்த வீட்டுக்காரி உட்காரக் கூடாதே, சர்வர் இருக்கும்போதே நான் எழுந்து பரிமாறினேன்.

சூப்பைக் குடித்துவிட்டு அவள், "ஐயோ, பாங்காக்ல சாப்பிட்ட மாதிரியே இருக்கு! யாரு இந்தக் கடையைப் பிடிச்சது?"

"எல்லாம் எம் மவ பாத்ததுதான்" என்றார் அப்பா.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவர் உங்களைப் பத்திச் சொல்லியிருக்காரு. கூடப் பிறந்தவ இல்லைங்கிற குறையே எனக்கு இல்ல, மாமா பொண்ணு இருக்கா, தங்கச்சி மாதிரின்னு."

மாமன் மகளைத் தங்கச்சி என்று எங்கள் பக்கம் எவனும் சொல்லமாட்டான். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா தண்ணீரை எடுத்து, குடிக்காமலே வைத்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

என்னை விட்டுவிட்டுப் போனார் என்றுதான் இத்தனை நாள் அழுதேன். விட்டுவிட்டுப் போனதாகக்கூட இல்லை. அப்படி ஒருத்தி இருந்ததாகவே அவர் கணக்கில் இல்லை.

சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது. இந்தக் கண்ணீரை வைகாசிக்கு முன்னால் காட்டியிருக்கலாம்.

ஒரு கரண்டி வைத்தேன். குனிந்து சாப்பிட்டார்.